திருப்பி வைத்த சீட்

எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் லோடு அண்ணன். சைக்கிள்களை வேனில் ஏற்றி இறக்குவது அவர் வேலை. அவற்றுக்குப் பஞ்சர் ஒட்டுவதும் பிரேக் மாற்றுவதும் என் வேலை. ஷெட்டுக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “மெக்கானிக் இல்லையாம்மா?” என்று கேட்பார்கள். “இருக்கா, உங்க முன்னாடிதான் நிக்கிறா” என்பேன். அப்படிக் கேட்காமல், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரைப் பற்றி நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊர் இரண்டு தட்டு. கீழே கடைவீதி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், ஆபீஸ்கள். மேலே வீடுகள். நடுவில் வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு ஒன்றுதான். இந்த ஊருக்குத்தான் பொதுச் சைக்கிள் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். போனைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். எந்த ஸ்டாண்டிலும் எடுக்கலாம், எந்த ஸ்டாண்டிலும் விட்டுவிட்டுப் போகலாம். தலைமை ஆபீஸ் இருக்கிற துறைமுக நகரத்தில் அது சக்கைப்போடு போட்டதாம். போடாதா பின்னே? அந்த நகரம் மேஜை மாதிரி சமதரை. காலையில் வேலைக்குப் போன சைக்கிள் சாயங்காலம் தானாகவே வீட்டுப் பக்கம் திரும்பி வந்துவிடும். அதே சைக்கிள், அதே பூட்டு, அதே பிரேக் கட்டை, விதிமுறை எழுதிய அதே பச்சைப் பலகை, எல்லாவற்றையும் அப்படியே லாரியில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். மேட்டை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் மேல் தட்டு முழுவதும் சைக்கிளில் உருண்டு இறங்கும். சாயங்காலம் ஒருத்தர்கூட மிதித்து ஏற மாட்டார்கள், எல்லோரும் பஸ். மத்தியானத்துக்குள் மேலே ஸ்டாண்டுகள் துடைத்துவைத்தது போல் காலி. கீழே சைக்கிளை விட இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்துவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் வேனில் ஏற்றி மேலே கொண்டுபோய் நிறுத்துகிறவர் லோடு அண்ணன். பிடிவாதத்துக்குப் பேர் போனவர். ஒவ்வொரு சைக்கிளையும் இறக்கி, இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாண்டில் நிறுத்துவார். “நான் பார்த்து அனுப்பினதை நீங்க எதுக்குத் திரும்பப் பார்க்கிறீங்க? என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று சண்டைக்குப் போவேன். “உன் மேல இருக்கும்மா, இந்த ரோட்டு மேல இல்ல” என்பார். அதுவும் சரிதான். அந்த இறக்கத்தில் பிரேக் கட்டை சோப்பு மாதிரி கரையும்.

துறைமுக நகரத்திலிருந்து வந்ததில் ஒன்றே ஒன்றுதான் இங்கேயும் ஒழுங்காக வேலை செய்தது. சைக்கிளில் ஏதாவது கோளாறு என்றால் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். அடியில் ஒரு பிடி இருக்கும், தளர்த்தினால் சீட் சுற்றும். திருப்பிய சீட்டைப் பார்த்தால் யாரும் அந்தச் சைக்கிளைத் தொடமாட்டார்கள், நாங்கள் வந்து எடுத்துப்போவோம். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே குப்பையைப் போடுகிற எங்கள் ஊரில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒழுங்கு. எனக்கே ஆச்சரியம்தான்.

லோடு அண்ணன் வீடு மேல் தட்டில், கடைசி ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாள். ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்துவிட்டாள். வந்த புதிதில் வாசலுக்குக்கூட வரமாட்டாள். நான் போனால் “வாங்க அத்தை” என்று ஒரு வார்த்தை, அதோடு உள்ளே போய்விடுவாள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை கிடைத்த பிறகுதான் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. முதல் ஷிப்டு. நோயாளிகளுக்குக் காலைச் சாப்பாடு தயாராக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும், முதல் பஸ் அதற்குப் பிறகுதான் கிளம்பும். சைக்கிளில் இறங்கினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி. திரும்பும்போது சைக்கிளைக் கீழேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். சொந்த சைக்கிள் வாங்கினால், நாளெல்லாம் நின்று வேலை செய்த காலோடு அதைத் தள்ளிக்கொண்டு அந்த மேட்டில் ஏற வேண்டும். அவளுக்குத் தோதாக இருந்தது இந்தப் பொதுச் சைக்கிள்தான்.

அப்புறம் வேனை நிறுத்தினார்கள்.

தலைமை ஆபீஸிலிருந்து வந்து சொன்ன ஆபீசர் சின்னப் பெண். சொல்லும்போதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. “எங்க ஊர்ல வேனே இல்லாமதான் ஓடுது. இங்கயும் அப்படி ஓட்டிக் காட்டணும்னு மேலிடத்துல சொல்றாங்க. மேலே மிதிச்சு ஏறுறவங்களுக்கு அடுத்த நாள் ஓசி சவாரி தரலாம்னு இருக்கோம்.”

“மேடம், நீங்க அந்த மேட்டுல ஒரு தடவை மிதிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“பார்த்தேங்க. பாதியில இறங்கித் தள்ளிட்டேன். அதையும்தான் எழுதி அனுப்பினேன்” என்றாள். அதற்கு மேல் அவளிடம் சண்டை போட என்ன இருக்கிறது? ஓசி சவாரிக்கு ஆசைப்பட்டுப் பையன்கள் கொஞ்ச நாள் மூச்சிரைக்க ஏறினார்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதும் புத்தி வந்துவிட்டது. ஆசிரியர் ஒருவர், தையல்காரர் ஒருவர் என்று விடாப்பிடியான சில பேர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொண்டுவருவதும் விடிவதற்குள் காணாமல் போகும். பேப்பர் போடுகிறவர்களும் காவல் வேலைக்குப் போகிறவர்களும் முந்திக்கொள்வார்கள்.

மகள் ஒருநாள் நடந்து இறங்கினாள். விளக்கில்லாத ரோடு, வளைவுக்கு வளைவு நாய்கள். போய்ச் சேரும்போது நோயாளிகள் தட்டோடு காத்திருந்தார்கள். “இன்னொரு தடவை லேட்டா வந்தா வராமலேயே இருந்துக்கோ” என்று சமையல்கூட மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் மகள் சாப்பிடவில்லை, பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். லோடு அண்ணன் ஷெட்டில் சைக்கிள் கழுவிக்கொண்டே இதைச் சொன்னார். வேனைப் பிடுங்கிக்கொண்டு அவருக்குக் கொடுத்த வேலை அதுதான். “மறுபடியும் அந்த அறைக்குள்ள போயிடுவாளோன்னு பயமா இருக்கும்மா” என்றார். அவர் வாயால் பயம் என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்ததும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தார். அறுபதைத் தொடுகிற வயசு, மடக்கினால் சத்தம் போடுகிற முட்டி. வளைவில் இறங்கித் தள்ளுவார், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவார், மறுபடி ஏறுவார். வீட்டுக்குள் கொண்டுபோனால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், பூட்டாத சைக்கிள் வேறு அலாரம் அடித்துக் கத்தும். ஸ்டாண்டில்தான் பூட்டியாக வேண்டும். அப்படி உயிரைக் கொடுத்து ஏற்றிய சைக்கிளை விடிவதற்குள் வேறு யாரோ கொண்டுபோய்விடுவார்கள். யாரைத் திட்டுவது? பொதுச் சைக்கிளாயிற்றே.

சில நாள் கழித்து எனக்கு ஒரு சந்தேகம். மேல் தட்டுக் கடைசி ஸ்டாண்டில் சீட் திருப்பிய சைக்கிள் ஒன்று தினமும் நிற்பதாகச் சொன்னார்கள். ஆனால் காலையில் நான் போய்ப் பார்க்கும்போது அப்படி எதுவும் இருக்காது. கோளாறான சைக்கிள் தானாக எங்கே போகும்? ஒருநாள் சாயங்காலமே பஸ் ஏறிப் போய் நின்றேன். லோடு அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார், பூட்டினார், இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்தார், சீட்டைத் திருப்பி வைத்தார்.

“என்ன கோளாறுண்ணே அதுல?”

திடுக்கிட்டுத் திரும்பினார். திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்ட சின்னப் பையன் சிரிப்பு. “ஒண்ணும் இல்லம்மா. நல்ல வண்டி. திருப்பி வச்சா எவனும் தொடமாட்டான். காலையில பாப்பா வந்து நேராக்கிட்டு எடுத்துட்டுப் போவா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “நல்லா இருக்கு உங்க மூளை. உருப்படியா இருந்தது இந்த ஒரு பழக்கம்தான். அதையும் கெடுக்காதீங்க. நாலு பேர் பார்த்தா நாலு பேரும் இதையே செய்வாங்க.”

“ஒரே ஒரு சைக்கிள். இதுல ஊரு கவுந்துடுமா? நீ வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு, போதும்.”

ஆபீஸில் போட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பார்க்கும்போதெல்லாம் திட்டினேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் வேலைக்கு ஒழுங்காகப் போய்வந்தாள். மேற்பார்வையாளரே அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிவிட்டாளாம். வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. மழைக்காலம் வந்தது. நனைந்துகொண்டே ஏறினார்.

கண் இருக்கிறவர்கள் பார்க்காமல் இருப்பார்களா? அந்த ஸ்டாண்டில் திரும்பியிருக்கிற சீட் சும்மா கண்துடைப்பு, சைக்கிள் நல்ல சைக்கிள்தான் என்று அந்தத் தெருவில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருநாள் லோடு அண்ணன் வழக்கம்போல் சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனதும், அந்த ஆள் வந்து நேராக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரர் கடையை அடைத்துவிட்டு வேறொரு சைக்கிளில் மேட்டில் ஏறி வந்தார். முன் பிரேக் கட்டை ஏற்கெனவே முழுக்கத் தேய்ந்த சைக்கிள், வரும் வழியிலேயே பின் பிரேக் ஒயரும் அறுந்துவிட்டது. ஏற்றம் என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பலகையில் போட்டிருந்தபடி ஒழுங்காகச் சீட்டைத் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

விடிவதற்கு முன் மகள் வந்தாள். ஸ்டாண்டில் ஒரே சைக்கிள், சீட் திரும்பியிருந்தது. எல்லா நாளும் அவள் பார்க்கிற அதே காட்சி. அப்பா பிரேக் பார்க்காமல் நிறுத்தமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சீட்டை நேராக்கி ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவில் பிரேக் பிடித்துப் பார்த்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிச் சுவர்தான் அவளை நிறுத்தியது.

வலது மணிக்கட்டும் இடது முழங்காலும். அவள் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில்தான் படுக்க வைத்தார்கள். காலைச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் புதுப்பெண், இவள் இடத்தில் சேர்ந்தவள். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் நான். லோடு அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மகளிடம் அவர் கேட்டது ஒன்றுதான். “சீட் திரும்பி இருந்துச்சா?” அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் அவருக்கு முழுவதும் புரிந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஆபீசர் பெண் விசாரிக்க வந்தாள். ஒரு டஜன் தடவை மன்னிப்புக் கேட்டாள். பிறகு விதியைச் சொன்னாள். சீட் நேராக இருந்திருந்தால், பழுதைச் சொல்லாமல் விட்டுப்போனவர்தான் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பொறுப்பு. திரும்பியிருந்ததைத் தெரிந்தே எடுத்திருந்தால், எடுத்தவர் பொறுப்பு. “நீங்க எடுக்கும்போது சீட் எப்படி இருந்துச்சு?”

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. “நேராத்தான் இருந்துச்சு” என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திரும்பியிருந்தது என்று சொன்னால், பின்னே ஏன் எடுத்தாய் என்பார்கள். அதைச் சொன்னால் அப்பாவின் வேலை போகும். வீட்டில் இனி வரும்படி அது ஒன்றுதான்.

மறுநாள் தையல்காரர் வந்தார். கையில் பழப்பை, கழுத்தில் இன்னமும் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க மறந்துவிட்டார் போல. சைக்கிளைக் கடைசியாக விட்டவர் அவர், செலவு அவர் பொறுப்பு என்று ஆபீஸிலிருந்து தகவல் போயிருந்தது.

“நான் திருப்பி வச்சேம்மா. என் கையால திருப்பினேன். நல்லா யோசிச்சுப் பாரு தாயி, இருட்டுல சரியாத் தெரிஞ்சிருக்காது” என்றார். “என் பொண்டாட்டிகூட நம்பமாட்டேங்குறா. நீ மறந்துட்டேன்னு சொல்றா. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. திருப்பினேனா, திருப்பலையான்னு.”

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள் கண் அலைந்துகொண்டிருந்தது. ஆபீசர் பெண் போனில் எதையோ தட்டிக்கொண்டு வாசலருகில் நின்றாள். நான் லோடு அண்ணனைப் பார்த்தேன். வேண்டாம் அண்ணே என்று என் மனசு சொன்னது, சொல்லிவிடுங்கள் என்றும் அதே மனசு சொன்னது.

“நீங்க திருப்பித்தான் வச்சீங்க” என்றார் தையல்காரரிடம். “அது திரும்பி இருந்ததாலதான் என் பொண்ணு எடுத்தா.”

“அப்பா!”

“இரும்மா.” ஆபீசர் பக்கம் திரும்பினார். “நல்ல வண்டியைத் தினமும் நான்தான் மேடம் சீட் திருப்பி வச்சிட்டிருந்தேன், இவளுக்காக. திரும்பியிருந்தா அப்பா வச்சதுன்னு நம்பி எடுப்பா. அவளைப் பழக்கினது நான். இவர் மேல ஒரு தப்பும் இல்ல.”

ஆபீசர் பெண் போனைக் கீழே இறக்கினாள். “இதை நான் கேட்டுட்டேனே ஐயா. கேட்காத மாதிரி இருக்க முடியாதே” என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். மகள் மட்டும் கத்தினாள். “உங்களை யாரு கேட்டா? நான்தான் சொல்லிட்டேன்ல? இனிமே எதை வச்சு சாப்பிடுறது?” என்று அழுதாள்.

வேலை போயிற்று. செலவும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. ஷெட்டில் நாங்கள் சேர்ந்து கொஞ்சம் கொடுத்தோம், வாங்கிக்கொள்ள வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஆபீசர் பெண் விடாமல் எழுதி எழுதி மேலிடத்தை ஒருவழியாக அசைத்துவிட்டாள். வேன் திரும்பி வந்தது. மேட்டு ரோட்டுக்கென்று தடிமனான பிரேக் கட்டை வந்தது. மேடு இருக்கிற ஊருக்கு வேறு மாதிரி திட்டம் வேண்டும் என்று இப்போது துறைமுக நகரத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம். பேசட்டும். வேனை ஓட்டுவது வேறு ஆள். நல்ல பையன்தான், இருந்தாலும் அவன் பக்கத்து சீட்டில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

வேன் வந்தது, சீட்டின் மேல் இருந்த நம்பிக்கை வரவில்லை. மேல் தட்டில் கதை பரவிவிட்டது. திரும்பிய சீட் என்றால் யாரோ தனக்காக ஒளித்துவைத்தது என்று சிலர் துணிந்து எடுக்கிறார்கள். நேரான சீட்டைக்கூடச் சிலர் நம்புவதில்லை. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து லோடு அண்ணன் விடியற்காலையில் அந்தக் கடைசி ஸ்டாண்டில் போய் நிற்கிறார். யாரும் நிற்கச் சொல்லவில்லை, யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. திரும்பிய சீட்டை யாராவது தொட்டால், “இருங்க, பிரேக் பார்த்துட்டுச் சொல்றேன்” என்பார். சிலர் நிற்பார்கள், சிலர் முறைத்துவிட்டுப் போவார்கள். பகலில் கடைவீதியில் மூட்டை இறக்கப் போகிறார். லோடு அண்ணன் என்ற பேர் அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

மகள் அவரிடம் பேசுவதில்லை. சாப்பாடு வைத்துவிட்டு, “வச்சிருக்கேன்” என்று சுவரிடம் சொல்வாளாம். கட்டுப் பிரித்து, கால் ஊன்றி நடந்து, ரயில் நிலையத்துச் சிற்றுண்டிக் கடையில் காலை வேலை ஒன்றைப் பிடித்துவிட்டாள். அந்த மட்டும் அறைக்குள் போய் உட்காராமல் இருந்தாளே, எனக்கு அதுவே நிம்மதி.

அவள் வேலைக்குப் போன முதல் நாள் நானும் வேனில் மேலே போயிருந்தேன். வழியில் ஒரு டயர் பார்க்க நின்றதில் நாங்கள் கொஞ்சம் பிந்திவிட்டோம். ஸ்டாண்டில் ஒரே சைக்கிள் மிச்சம், சீட் திரும்பியிருந்தது. லோடு அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். மகள் லேசாக நொண்டிக்கொண்டு சந்திலிருந்து வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

“இது நீங்க திருப்பினதா, இல்ல நெஜமாவே கெட்டதா?”

அவர் குனிந்து பிரேக்கை அழுத்தினார். கைப்பிடி ஹேண்டில் பார் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

“நெஜமாத்தாம்மா” என்றார்.

அவள் சைக்கிள் பக்கத்தில் வந்தாள். பிறகு குனிந்து தானும் ஒரு தடவை பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டு, வேனிலிருந்து நாங்கள் இறக்கிய சைக்கிளை எடுக்க வந்தாள்.